அறையைப் பார்க்காதீர்கள், கரையைப் பாருங்கள்

பூஜா விடுமுறை நெருங்கினால் நம் வங்காள நண்பர்களின் வீடுகளில் எழும் கேள்வி, திகாவா, பூரியா, டார்ஜிலிங்கா என்பது. நம் வீடுகளில் அந்தக் கேள்விக்கே இடமிருந்ததில்லை. விடுமுறை என்றால் ஊருக்குப் போவது. கோரமண்டலிலோ சென்னை மெயிலிலோ இடம் கிடைத்ததா என்பதுதான் நமக்கிருந்த ஒரே கவலை. இப்போது அது மெல்ல மாறி வருகிறது. ஊரில் வீட்டைப் பூட்டிவிட்டுப் பெற்றோரும் நம்மோடு கொல்கத்தாவுக்கே வந்துவிட்ட குடும்பங்கள் பல. மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு எல்.டி.சி. உண்டு. தாத்தா, பாட்டி, குழந்தைகள் எல்லோருமாக அந்தமான் போய் வருவது நம் சங்கத்துக் குடும்பங்களில் இன்று புதுமையல்ல.

நான் இருமுறை அங்கே போய் வந்தவன் என்பதால் பலரும் என்னிடம் கேட்பது, "அங்கே எந்த ஓட்டல் நல்லது?" என்பதுதான். அந்தக் கேள்வியே சரியில்லை என்பது என் கருத்து. அறையில் குறையிருந்தால் வேறு அறை கேட்கலாம். விடுதிக்கு முன்னால் இருக்கும் கடலை மாற்றித் தரும்படி யாரிடமும் கேட்க முடியாது. ஆகவே முதலில் தேர்ந்தெடுக்க வேண்டியது கரையை. விடுதி அதற்குப் பிறகுதான்.

அந்தமானில் விமானமோ கப்பலோ நம்மைச் சேர்க்கும் ஊர் போர்ட் பிளேர். 2024-இல் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். கடற்கரை விடுமுறைக்குப் போகிறவர்கள் அங்கிருந்து படகேறி ஹேவ்லாக் தீவுக்கோ நீல் தீவுக்கோ போவார்கள். 2018 முதல் இவற்றின் பெயர்கள் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப். பழைய பெயர்கள் பேச்சில் இன்னும் வழங்குவதால் நானும் அவற்றையே எழுதுகிறேன்.

ஹேவ்லாக்கில் விடுதிகளில் பெரும்பாலானவை கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாம் எண் கடற்கரை, ஐந்தாம் எண் கடற்கரை என்றும் சொல்வார்கள். விளம்பரப் படங்களில் வருவது பெரும்பாலும் இந்தக் கரைதான். தென்னை மரம், பச்சை நிறத் தண்ணீர், வாசலிலேயே மணல். படத்தில் பொய்யில்லை; ஆனால் அது ஏற்றத்தின்போது எடுத்த படம். கடல் வற்றும்போது அதே இடத்தில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிப் போய்விடும். பவளப் பாறையும் சேறும் வெளியே தெரியும். அப்போது நீந்த முடியாது, நடப்பதும் கடினம்.

நம் சங்கத்துக் குடும்பம் ஒன்று அப்படிப்பட்ட விடுதியில் மூன்று நாள் தங்கியது. "சொந்தக் கடற்கரை" என்று சொல்லித்தான் அறையைக் கொடுத்தார்கள். மூன்று நாளும் குழந்தைகள் குளிக்க இறங்கிய நேரத்திலெல்லாம் முழங்காலளவு தண்ணீர்கூட இல்லை. பாறையில் வழுக்கி விழுந்த பாட்டிக்குப் பாதம் கிழிந்து தையல் போட வேண்டியதாயிற்று. விடுதிக்காரர் சொன்ன பதில், "கடல் அப்படித்தான், நாங்கள் என்ன செய்ய?" என்பது. உண்மைதான். ஆனால் அந்த உண்மையைப் பணம் வாங்கும் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

இதைத் தெரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அந்தமானில் அந்நாட்களில் இரண்டுக்கும் இடையே சுமார் 2 மீட்டர் வித்தியாசம் இருக்கும். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் அது குறையும். ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இரண்டு முறை வரும். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். முதல் நாள் காலை 8 மணிக்குக் கடல் வற்றியிருந்தால் மறுநாள் 9 மணிக்குச் சற்று முன்பாக வற்றியிருக்கும். ஹூக்ளிக் கரையில் வாழும் நமக்கு ஜோயார், பாட்டா என்ற சொற்கள் புதியவை அல்ல. ஹேவ்லாக், நீல் இரண்டும் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிகளைக் குடியேற்றிய தீவுகள். விடுதிக்குத் தொலைபேசியில் பேசி, "நாங்கள் வரும் நாட்களில் ஜோயார் எத்தனை மணிக்கு? பாட்டாவின்போது உங்கள் கரையில் குளிக்க முடியுமா?" என்று வங்காளத்திலேயே கேளுங்கள். நேராகப் பதில் சொன்னால் நம்பலாம். "எல்லாம் நன்றாக இருக்கும், வாருங்கள்" என்று மழுப்பினால் அடுத்த விடுதியைப் பாருங்கள்.

ஹேவ்லாக்கின் மேற்குக் கரையில் இருப்பது ராதாநகர், அதாவது ஏழாம் எண் கடற்கரை. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது இதைத்தான். 2020-இல் நீலக் கொடிச் சான்றும் கிடைத்தது. அகன்ற மணற்கரை என்பதால் கடல் வற்றினாலும் இறங்கிக் குளிக்கலாம். உயிர்காப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பக்கத்தில் விடுதிகள் குறைவு, வாடகையும் அதிகம். படகுத் துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். என் யோசனை இதுதான். கிழக்குப் பக்கத்தில் சிக்கனமான அறை எடுத்துக்கொண்டு, குளிப்பதற்கு வண்டி பிடித்து ராதாநகர் போய் வாருங்கள். "கடல் பார்த்த அறை" என்பதற்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் நான்கு நாள் வண்டி வாடகை அடங்கிவிடும்.

நீல் தீவில் கரைகளுக்கு ராமாயணப் பெயர்கள். பரத்பூரில் தண்ணீர் ஆழமில்லாமல் அமைதியாக இருக்கும். ஏற்றத்தின்போது குழந்தைகளுக்கு ஏற்ற இடம். லக்ஷ்மண்பூரில் இயற்கையாக அமைந்த ஒரு பாறை வளைவு உண்டு. அங்கே குடியேறிய வங்காளிகள் அதற்கு ஹவுரா பாலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்! அதைப் பார்க்கக் கடல் வற்றியிருக்க வேண்டும், வழுக்குப் பாறைமேல் நடக்கவும் வேண்டும். முட்டிவலி உள்ளவர்களை அழைத்துப் போகாதீர்கள். நீல் தீவு காய்கறி விளையும் தீவு. சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

அடுத்தது காலம். நமக்குக் கிடைப்பது பூஜா விடுமுறை. அக்டோபரில் அந்தமானில் மழை ஓய்ந்திருக்காது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அது முடிந்த கையோடு புயல் மாதங்கள் தொடங்கும். கடல் கொந்தளித்தால் தீவுகளுக்கிடையே படகு ஓடாது. 2016 டிசம்பர் தொடக்கத்தில் புயற்சின்னத்தால் ஹேவ்லாக்கிலும் நீலிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் அவர்களை மீட்டு வந்தன. எனவே முடிந்தால் ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். எந்த மாதமானாலும் விமானத்துக்கு முந்தைய இரவைப் போர்ட் பிளேரிலேயே கழியுங்கள். "காலையில் படகு, மதியம் விமானம்" என்று திட்டம் போட்டுத் தரும் ஏஜெண்டு தன் வசதியைப் பார்க்கிறார், உங்கள் வசதியை அல்ல.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். நாம் விடுதியை யாருக்காகத் தேர்ந்தெடுக்கிறோம்? பெரும்பாலும் நாற்பது வயதுக்காரர் கைபேசியில் படம் பார்த்து முடிவு செய்கிறார். ஆனால் அந்த விடுதியில் எழுபது வயதுத் தாயார் மூன்று இரவு தூங்க வேண்டும். கழிப்பறைக்குப் படி ஏற வேண்டுமா? மூங்கில் குடிலுக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே இருட்டில் மணலில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும்? மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர் உண்டா? காலை 6 மணிக்குச் சூடாக ஒரு காபி, இரவு ஒரு தயிர்சாதம் கிடைக்குமா? சர்க்கரை நோய்க்காரருக்கு வேளாவேளைக்குச் சாப்பாடு வருமா? ஹேவ்லாக்கில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. பெரிய அரசு மருத்துவமனை போர்ட் பிளேரில், கடலுக்கு அப்பால். குடும்பத்தில் மிக முதியவருக்கும் மிகச் சிறியவருக்கும் பொருந்தும் விடுதிதான் நல்ல விடுதி. நடுவயதுக்காரர்கள் எங்கேயும் சமாளித்துக்கொள்வார்கள். பிழைப்புக்காகப் பிள்ளைகளோடு அயலூருக்கு வந்துவிட்ட பெரியவர்களுக்கு இந்தப் பயணம் ஒரு மரியாதை. அறைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டு வந்தால் அது மரியாதை ஆகாது.

பாதுகாப்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். அந்தமானில் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் ராதாநகர் அருகே ஓர் அமெரிக்கப் பெண்மணி நீருக்குள் பவளம் பார்த்துக்கொண்டிருந்தபோது முதலை தாக்கி இறந்தார். இதற்காகப் போகாமல் இருக்க வேண்டியதில்லை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்திலும், கழிமுகம், சதுப்புக் காட்டோரத்திலும், இருட்டிய பிறகும் தண்ணீரில் இறங்கக் கூடாது; அவ்வளவுதான். அங்கே டிசம்பரில் மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். 2004 டிசம்பர் 26-ஐ நாம் யாரும் மறக்கவில்லை. நிலம் அதிர்ந்தால் ஓடிச் சேர மேடு எங்கே இருக்கிறது என்று விடுதிக்காரரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள். முகம் சுளிக்காமல் வழி காட்டுகிறவர் பொறுப்புள்ளவர்.

நீச்சல் குளம் உள்ள விடுதிதான் வேண்டும் என்று குழந்தைகள் கேட்பார்கள். என் மனம் அதற்கு ஒப்பவில்லை. இந்தத் தீவுகளில் மழை கொட்டினாலும் கோடையில் நன்னீர் குறைவு. போர்ட் பிளேரிலேயே அந்த மாதங்களில் குழாய்த் தண்ணீரை முறைவைத்து விடுவார்கள். ஊர்க்காரர் குடத்தோடு காத்திருக்க, கடலோரத்தில் நமக்கென்று ஒரு குளமா? ராமநாதபுரத்திலும் தூத்துக்குடிப் பக்கத்திலும் தண்ணீருக்கு நடந்த கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. "ஜாரவா மக்களைப் பார்க்கலாம்" என்று எந்த விடுதியோ ஏஜெண்டோ ஆசை காட்டினால் அந்த இடத்தை அப்போதே விட்டு விலகுங்கள். 1956-ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு விதிகள் அவர்களுக்காக ஒதுக்கிய காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கின்றன. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மனிதரைக் காட்சிப் பொருளாக்கும் இடத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா? கரையிலிருந்து பவளத்துண்டு எடுத்து வருவதும் குற்றமே. கடினப் பவளங்கள் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப் பாதுகாப்பில் இருக்கின்றன.

"வருடம் முழுவதும் உழைக்கிறோம். நான்கு நாளாவது பெரிய விடுதியில் இருந்துவிட்டு வந்தால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தவறே இல்லை. வசதி உள்ளவர்கள் ராதாநகர்ப் பக்கம் பெரிய விடுதியில் தங்கட்டும். பெரியவர்களுக்கு அங்கே வசதியும் கூடுதலாக இருக்கலாம். ஆனால் எல்.டி.சி. கொடுப்பது பயணக் கட்டணத்தை மட்டுமே. தங்கும் செலவு நம் சட்டைப்பையிலிருந்துதான். நடுத்தரக் குடும்பத்துக்கு நான் பரிந்துரைப்பது, தீவுக்காரர் குடும்பமாக நடத்தும் சிறு விடுதிகள். அங்கே கொடுக்கும் பணம் பெரும்பாலும் அந்தத் தீவிலேயே தங்கும். கடலை அறிந்தவர் வீட்டில் தங்கினால் எப்போது இறங்கலாம், எப்போது கூடாது என்று அவரே சொல்வார். அவர்களும் நம்மைப்போல வேறு மண்ணிலிருந்து வந்து வேரூன்றியவர்கள். அந்தமானில் நம்மவரும் இருக்கிறார்கள். 1964 சாஸ்திரி-சிரிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழர்களில் சிலரை நிக்கோபாரின் கச்சல் தீவு ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றினார்கள். போர்ட் பிளேர் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாள் இல்லை.

முன்பணம் அனுப்பும் முன் ஐந்து கேள்விகளுக்குப் பதில் வாங்குங்கள். கடல் வற்றும்போது கரை எப்படி இருக்கும்? படகு ரத்தானால் பணம் திரும்புமா? முதியவர்களுக்குத் தரைத்தளத்தில் அறை உண்டா? சமையலில் சைவம் தனியாக உண்டா? அவசரத்துக்கு வண்டி உண்டா? ஐந்துக்கும் தெளிவாகப் பதில் சொல்லும் விடுதியில் கட்டிலும் திரைச்சீலையும் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. நாம் போவது கட்டிலைப் பார்க்க அல்ல.