கிளிப்பிலா மிச்சம் பிடிப்பது?

ஹெவ்லொக் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்புறத்தில் அஸ்பெஸ்ரஸ் சீற் போட்ட மூன்று அறைகள் இருக்கின்றன. மூன்றிலும் வாடகைக்கு இருப்பவை கமக்காரக் குடும்பங்கள். ஒன்று 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியது. மற்ற இரண்டும் 2009 இல் வன்னியை விட்டு வந்தவை. முன்வீட்டு மீற்றரிலிருந்து இந்த அறைகளுக்கு மின்சாரம் ஒரு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்க்குள்ளால் வருகிறது. சுவர் ஏறக்குறைய 30 அடி நீளம். அந்த 30 அடிக் குழாயையும் தாங்கியவை நான்கே நான்கு கிளிப்புகள். அவற்றிலும் இரண்டு உடைந்துவிட்டன, ஒன்றின் ஆணி கழன்றுவிட்டது. இடையில் யாரோ கட்டுக்கம்பியால் இழுத்து ஓர் ஆணியில் கட்டியிருந்தார்கள். குழாய் தொய்ந்து கைக்கு எட்டும் உயரத்தில் தொங்கியது. கைக்கு எட்டத் தொங்குகிற எதையும் நாம் சும்மா விடுவோமா? அது உடுப்புக் கொடியாகிவிட்டது.

சென்ற மாரியில் ஒரு நாள் ஈரச் சேலையை அதில் போட்ட அம்மா ஒருவரைக் கரண்ட் அடித்து விழுத்தியது. பிறகு பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. பாரத்தால் குழாயின் மூட்டு ஒன்று கழன்றிருந்தது. அதன் வெட்டு விளிம்பு உள்ளேயிருந்த வயரின் உறையை நாளாந்தம் அராவி அராவிச் செம்பை வெளியே காட்டியிருந்தது. மழைத்தண்ணீரும் சேலையின் ஈரமும் மிச்ச வேலையைச் செய்தன. அந்த வீட்டில் ட்றிப் சுவிச் இல்லை. பழைய உருகிகள் மட்டுமே. மனிதரைக் கொல்லக்கூடிய மின்னோட்டத்தை உருகி கவனிக்காது. 5 அம்பியர் உருகி அந்த அளவைத் தாண்டினால்தான் எரியும். இதயத்தை நிறுத்த அதில் ஒரு சிறு பங்கே போதும். 30 மில்லி அம்பியர் ட்றிப் சுவிச் இருந்திருந்தால் கண்மூடித் திறப்பதற்குள் விழுந்திருக்கும். அம்மா தப்பியது அவர் காலில் இறப்பர்ச் செருப்பு இருந்ததாலாக இருக்கலாம்.

கிளிப்புகளை முழுதாக மாற்றுவோம் என்று நான் சொன்னபோது அதே அம்மாதான் சொன்னார்: "இது எத்தினை நாளைக்குத் தம்பி? ஊருக்குப் போகுமட்டும்தானே."

எனக்குச் சண்டை இந்த வசனத்தோடுதான். மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் இதையேதான் சொன்னார்கள். 2015 இலும் அதன் பின்னரும் வலிகாமம் வடக்கில் காணிகள் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டபோது, இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்திருந்தன. தற்காலிகம் என்ற சொல்லை நம்பி 25 வருடம் தொய்ந்த வயருக்குக் கீழே படுத்தவர்கள் நாம். வாடகை அறையானாலும் சரி, தறப்பாள் கொட்டிலானாலும் சரி, மின்சாரம் நமக்கென்று தயவு காட்டப் போவதில்லை.

ஊர் திரும்பிய குடும்பங்களின் கதையும் பெரிதாக வேறல்ல. இந்திய வீட்டுத்திட்டத்தில் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா கொடுத்தார்கள். அது அத்திவாரத்துக்கும் சுவருக்கும் ஓட்டுக்குமே காணாது என்று நகையை அடைவு வைத்தவர்கள் எத்தனை பேர்! வயரிங் கடைசியில் வந்தது. கிளிப் அந்தக் கடைசியிலும் கடைசி. குழாயையும் வயரையும் கணக்குப் பார்த்து வாங்கிவிட்டு, கிளிப்பை மட்டும் 'ஒரு பிடி தாருங்கோ' என்று வாங்குகிறோம்.

கடையில் சடில் என்றும் கிளிப் என்றும் கேட்கிற இந்தப் பொருளில் நாலைந்து விதம் உண்டு. வாய் திறந்த பிளாஸ்ரிக் கிளிப்பை ஒரு திருகாணியால் பூட்டி, குழாயை அதற்குள் அமத்தினால் போதும். அறைக்குள்ளே அது நன்று. வெயில் படும் வெளிச்சுவரில் சில வருடங்களில் வெளிறி, தொட்டால் முறியும். வெளியே இரண்டு காதும் இரண்டு திருகாணியும் உள்ள சடிலே நல்லது. ஒற்றைக் காதுச் சடில் மலிவு. ஆனால் இழுவை வந்தால் ஒரு பக்கம் திரும்பிவிடும். அடித்தட்டு வைத்த சடில் குழாயைச் சுவரிலிருந்து சற்று விலக்கிப் பிடிக்கும். ஈரம் ஊறுகிற சுவருக்கு அதைத்தான் நான் சொல்வேன். பின்னால் காற்றுப் போகும், தண்ணீர் தேங்காது. நாகம் பூசிய தகரச் சடில் உறுதியானது, ஆனால் வெள்ளவத்தைக் கடற்காற்று ஹெவ்லொக் டவுன் வரைக்கும் வரும். வெட்டு விளிம்பில் துரு முதலில் பிடிக்கும். ஆகவே பூட்டுமுன் ஒரு பூச்சுப் பெயின்ற் அடியுங்கள்.

அளவு மிக முக்கியம். 20 மில்லிமீற்றர்க் குழாய்க்கு 25 இன் சடிலைப் போட்டால் குழாய் உள்ளே ஆடும். ஆடுகிற குழாய் மூட்டைக் கழற்றும். ஒரு சாண் குழாய்த் துண்டைக் கையோடு கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

இடைவெளி எவ்வளவு? நமது நாட்டு வயரிங் முறை பிரித்தானிய விதிகளைத் தழுவியது. அங்குள்ள வழிகாட்டியில் 16 இற்கு மேல் 25 மில்லிமீற்றர் வரையான விறைப்பான பிளாஸ்ரிக் குழாய்க்குக் கிடையாக ஒன்றரை மீற்றர், செங்குத்தாக 1.75 மீற்றர் வரை விடலாம் என்று இருக்கிறது. அது குளிர்நாட்டுக் கணக்கு. நம்முடைய தகரத்தின் கீழ்ச் சூட்டில், சந்தையில் கிடைக்கிற மெல்லிய குழாய்க்கு, இரண்டரை அடிக்கு ஒன்று என்பதே என் கணக்கு. அத்துடன் ஒவ்வொரு வளைவுக்கும் பெட்டிக்கும் மூட்டுக்கும் இரு பக்கமும் ஒரு சாணுக்குள் ஒவ்வொன்று வேண்டும். 30 அடிச் சுவருக்கு 13, மூட்டுகளுக்கும் சேர்த்தால் 18 வரை வரும். நான்கு அல்ல.

இறுக்கிப் பூட்டினால் நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. பிளாஸ்ரிக் குழாய் சூட்டில் நீளும். 4 மீற்றர்க் குழாய் 25 பாகை சூடு ஏறினால் ஏறக்குறைய 7 மில்லிமீற்றர் நீளும். சடில் நெரித்துப் பிடித்தால் நீள இடமின்றிக் குழாய் பாம்புபோல் நெளியும். வெற்றிலைக் கொடியை வாழைநாரால் கட்டுகிறோம், கம்பியால் கட்டுவதில்லை. ஏனென்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டுக்கம்பி குழாயையும் அப்படித்தான் வெட்டும்.

சுவரைத் துளைக்குமுன் மெயின் சுவிச்சை நிற்பாட்டுங்கள். சீமெந்துச் சுவரில் துளைக்குள் றோல் பிளக் வைத்துத் திருகாணி போடவேண்டும். வெறும் ஆணி ஒரு மாரிக்கு நிற்கும், மறு மாரிக்கு நிற்காது. மண்சுவரில் எதுவும் பிடிக்காது, கப்பிலோ வளையிலோதான் பூட்டவேண்டும். பனங்கைமரத்தில் திருகாணியை நேரே ஏற்ற முயன்று கை நொந்தவர்கள் நம்மில் பலர். முதலில் மெல்லிய துளை போடுங்கள். தோட்டக் கிணற்று மோட்டருக்குப் போகும் குழாயைப் பூவரசங் கதியாலில் கட்டுகிற வழக்கத்தையும் விடவேண்டும். கதியால் வளரும், காற்றில் ஆடும்.

நெருப்பைப் பற்றியும் ஒன்று. இங்கிலாந்தில் 2005 இல் ஸ்ரீவனேஜ் நகரத்து மாடி வீடொன்றிலும், 2010 இல் சவுதாம்ப்டனிலும் தீயணைப்பு வீரர்கள் இவ்விரண்டு பேராக இறந்தார்கள். சூட்டில் பிளாஸ்ரிக் பிடிகள் உருகி, மேலிருந்து விழுந்த வயர்களில் அவர்கள் சிக்கியிருந்தார்கள். அதன் பின்னர் 2015 இல் அங்கு வெளியேறும் பாதைகளிலும், 2018 இல் எல்லா இடங்களிலும், நெருப்பில் உருகி விழாத பிடி வேண்டும் என்று விதி வந்தது. ஒரே வாசலுள்ள நம் அறைகளில் அந்த வாசலுக்கு மேலாகத்தான் குழாய் போகிறது. அந்த இடத்திலாவது உலோகச் சடில் போடுங்கள்.

செலவு யாருடையது? என்னைக் கேட்டால் வீட்டுக்காரருடையதே. சுவரும் மீற்றரும் அவருடையவை, வாடகையும் மாதம் தவறாமல் வாங்குகிறார். ஆனால் அவர் சம்மதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு கிளிப்பின் விலை ஒரு பிளேன்ரீக்குக் கூட வராது. வயரைத் தொடும் வேலை பயின்றவருக்கு உரியது, அதில் கை வைக்காதீர்கள். கிளிப்பை எண்ணுவதற்கு எவரும் பயில வேண்டியதில்லை. பாஸ் காசு கேட்கும்போது அவரோடு கூட நடந்து எண்ணுங்கள்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். வந்த பாஸ் முதலில் 9 போட்டார். எண்ணிக் காட்டிய பின் 18 ஆக்கினார். பழுதான வயரையும் மாற்றி, ட்றிப் சுவிச்சும் வைத்தார். வீட்டுக்காரர் பாதிக் காசு தந்தார், மிச்சம் இன்னும் வரவில்லை. அம்மாவுக்கு முற்றத்தில் இரண்டு கப்பு நட்டு, நைலோன் கயிற்றில் தனியாக ஒரு கொடி கட்டிக் கொடுத்திருக்கிறோம்.