கோபுரம் இருக்கு, கொடி எங்கே?

தாம்பரம்,

"நம்ம மாநிலத்துக்குன்னு தனிக் கொடி ஒண்ணு இருக்கா?"

தாம்பரம் பஸ் நிலையத்தில் நாலு பேரிடம் இப்படிக் கேட்டால், "ஏன் இல்லாம?" என்று இரண்டு பேராவது திருப்பிக் கேட்கக்கூடும்.

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஜி.எஸ்.டி. ரோட்டில் ஓடுகிற அரசு ஜீப்பிலும், தாலுகா ஆபீஸ் போர்டிலும் கோபுரச் சின்னத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, கொடியும் இருப்பதாகவே தோன்றும்.

ஆனால் கிடையாது. ஒரு தடவை வர இருந்தது. டெல்லி வரை போய்த் திரும்பிவிட்டது.

டெல்லியில் காட்டிய படம்

அது 1970-ம் ஆண்டு. "சென்னை மாநிலம்" என்ற பெயர் "தமிழ்நாடு" என்று மாறி (1969 ஜனவரி 14) ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. மத்திய-மாநில உறவு பற்றி ராஜமன்னார் குழு ஆராய்ந்துகொண்டிருந்த நேரம்.

ஆகஸ்டு மாதம் டெல்லியில் நிருபர்களிடம் மாநிலக் கொடியின் மாதிரிப் படத்தைக் காட்டினார் முதல்-அமைச்சர் கருணாநிதி. மேலே இடது மூலையில் தேசியக் கொடி. கீழே வலது மூலையில் கோபுரச் சின்னம்.

தேசியக் கொடிக்கே முதல் இடம் கொடுத்து வரைந்த கொடி. இருந்தும் எதிர்ப்பு கிளம்பியது. பாராளுமன்றத்தில் காங்கிரசாரும் ஜனசங்கத்தினரும் கண்டித்தார்கள். தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டு 7 வருஷம்தான் ஆகியிருந்தது. இன்று கொடி கேட்பவர்கள் நாளை என்ன கேட்பார்களோ என்ற சந்தேகம் பலருக்கு.

இந்திரா காந்தி ஆட்சிக்கு அப்போது தி.மு.க.வின் ஆதரவு தேவைப்பட்டது. அதற்காக டெல்லி தலையாட்டிவிடவில்லை. திட்டம் கிடப்பில் போனது.

சின்னத்துக்குள் கொடி

இதில் ஒரு வேடிக்கை. 1949-ல் மதுரை ஓவியர் கிருஷ்ணாராவ் வரைந்த அரசுச் சின்னத்தை உற்றுப் பாருங்கள். கோபுரத்துக்கு முன்னால் சிங்கத் தலைகள். இரண்டு பக்கமும் தேசியக் கொடி. அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரையா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை! ஆக, 1970 கொடி பறந்திருந்தால் தேசியக் கொடி அதில் மூன்று தடவை இருந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் பயந்தார்கள்.

அதே 1970-ல்தான் அரசு விழாக்களில் தமிழ்த்தாய் வாழ்த்து பாட உத்தரவு வந்தது. பாட்டு நிலைத்தது, 2021 டிசம்பரில் மாநிலப் பாடல் என்ற அந்தஸ்தும் பெற்றது.

கொடி விஷயத்தில் கிடைத்தது வேறொன்று. சுதந்திர தினத்தில் கவர்னர்தான் கொடியேற்றுவது என்றிருந்த வழக்கம் 1974-ல் மாறியது. கருணாநிதி கேட்டுப் பெற்ற உரிமை அது. அந்த ஆகஸ்டு 15 முதல், கோட்டையில் முதல்-அமைச்சர் கொடியேற்றுகிறார். கருணாநிதிக்கு மட்டுமல்ல, எல்லா மாநில முதல்-மந்திரிகளுக்கும் சேர்த்தே கிடைத்தது.

பக்கத்து வீட்டுக் கதை

கர்நாடகத்தில் கதை வேறு. அங்கே 1960-களில் ம. ராமமூர்த்தி உருவாக்கிய மஞ்சள்-சிவப்புக் கொடி, எந்த அரசு உத்தரவும் இல்லாமலே ஆட்டோவிலும் கடையிலும் ஏறிவிட்டது. 2018 மார்ச்சில் சித்தராமையா அரசு நடுவில் வெள்ளைப் பட்டையும், இரட்டைத் தலைப் பறவைச் சின்னமும் சேர்த்துப் புதுக் கொடியை அறிவித்து, மத்திய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியது. "பழசே நல்லா இருக்கே, இதுக்கு எதுக்கு வெள்ளை?" என்று கேட்டவர்கள் கன்னட அமைப்புகளிலேயே உண்டு.

சட்டப்படி தனிக் கொடி வைத்திருந்த ஒரே மாநிலம் காஷ்மீர். 1952-ல் ஏற்றது. சிவப்புத் துணியில் வெள்ளைக் கலப்பை, மூன்று கோடுகள். 2019 ஆகஸ்டில் சிறப்பு அந்தஸ்து போனது. அதே மாதம் ஸ்ரீநகர் தலைமைச் செயலகத்திலிருந்து அந்தக் கொடியும் இறங்கியது.

மாநிலம் கொடி வைக்கலாம் என்றோ, கூடாது என்றோ அரசியல் சட்டத்தில் ஒரு வரி கிடையாது. தேசியக் கொடிக்கு மேலே வேறு கொடி பறக்கக்கூடாது என்பது மட்டும் விதி. தமிழர்கள் வாழும் மலேசியாவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் கொடி உண்டு. பினாங்கு கொடியில் பாக்கு மரமே நிற்கிறது. அதனால் அந்த நாடு உடைந்துவிடவில்லை.

காளை பறந்த ஊர்

தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே பல்லாவரம். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் மலையைக் குடைந்த ஊர். பல்லவனுக்குக் காளைக் கொடி. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், சேரனுக்கு வில். கொடி இல்லாத அரசை இந்த மண் அதிகம் பார்த்ததில்லை.

கட்சிக் கொடிகளுக்கோ பஞ்சமே இருந்ததில்லை. பொது இடங்களில் உள்ள கட்சிக் கொடிக்கம்பங்களை அகற்றும்படி ஐகோர்ட்டு மதுரை கிளை 2025 ஜனவரியில் உத்தரவிட வேண்டியிருந்தது!

சட்டசபையில் பெயர் மாற்றத் தீர்மானம் நிறைவேறிய 1967 ஜூலை 18-ஐ நினைவுகூர்ந்து, ஜூலை 18-ந்தேதியே "தமிழ்நாடு நாள்" என்று அரசு 2021-ல் அறிவித்தது. அடுத்த ஆண்டு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுரைப் போட்டி, பேச்சுப் போட்டி எல்லாம் நடந்தன. கம்பத்தில் ஏற்ற மாநிலக் கொடி இல்லை.