குளத்தை மறந்த சட்டம்

சுற்றுச்சூழல் என்றதும் நம் நண்பர்களுக்குப் புலியும் ஒராங் ஊத்தானும்தான் நினைவுக்கு வருகின்றன. சி ரூசா தோட்டப்புறத்திலிருந்து வந்த எனக்கோ செம்பனை ஆலையின் கழிவுக்குளம்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நாற்றம் அப்படி!

எண்ணெய் பிழிந்தபின் எஞ்சும் பழுப்புநீர் ஆற்றில் கலந்தால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள உயிர்வளியைத் தீர்த்துவிடும், மீன்கள் சாகும். 1977-இல் வந்த விதிமுறை இதைத் தடுத்தது. லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராமாக இருக்கும் கழிவின் உயிர்வளித் தேவையை, 1984-க்குள் 100-க்குக் குறைக்கச் சொன்னது. நல்ல சட்டம்தான். ஆனால், அது நீரை மட்டுமே அளந்தது. ஆலைகள் மலிவான வழியாகத் திறந்த குளங்களை நம்பின. அவற்றின் அடியில், காற்றுப் படாமல் கழிவு மட்கும்போது மீத்தேன் எழுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைவிட 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது.

குளத்தை மூடி அந்த வாயுவைப் பிடித்தால் மின்சாரமே எடுக்கலாம். 2014 முதல் புதிய ஆலைகளுக்கும் விரிவாக்கப்படும் ஆலைகளுக்கும் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் இதைக் கட்டாயமாக்கியது. பழைய ஆலைகள்? அவற்றுக்கும் கெடு வைக்க வேண்டும் என்பதே என் வாதம். செலவு அதிகம் என்பார்கள். அந்தச் செலவை இதுவரை காற்றின் தலையில் அல்லவா கட்டி வந்திருக்கிறோம்?

அறிவியல் துறையில் பயிலும் நம் மாணவர்கள், இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தங்கள் தோட்டத்துக் குளம் ஒன்றை எடுத்துக்கொண்டால் என்ன?