கடல் சேரும் நீரின் கணக்கு

மேட்டூர் அணை நிரம்பி உபரி நீர் கொள்ளிடத்தில் பாயும் ஆண்டுகளிலெல்லாம் ஒரே பேச்சுதான்: இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்துவிட்டது. சட்டமன்றத்திலும் தொலைக்காட்சியிலும் விவசாயச் சங்கக் கூட்டங்களிலும் கட்சி வேறுபாடின்றி இதைக் கேட்கலாம். கடைமடையில் நாற்று கருகுவதைக் கண்டவர்களின் வேதனை அது. லேசாகத் தள்ளிவிடக் கூடியதல்ல. ஆனாலும் அந்தக் கணக்கு தவறு என்றே நினைக்கிறேன். கடலை எட்டும் ஆற்றுநீர் அங்கே செய்யும் வேலையை நாம் எந்தப் பேரேட்டிலும் எழுதியதில்லை. அந்த வேலை நின்றுபோனால் இழப்பவர்களில் மீனவர் மட்டுமின்றி அதே கடைமடை விவசாயியும் இருப்பார்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. அதனால் அது ஆற்றுநீரைவிடக் கனமானது. கழிமுகத்தில் ஆற்றுநீர் மேலாக விரிந்து கடலை நோக்கிப் போக, கடல்நீர் அடியில் ஆப்பு போல நுழைந்து ஆற்றுக்குள் ஏறுகிறது. மேலே போகும் நீர் அடியிலுள்ள உப்புநீரையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னோடு இழுத்துச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப அடியில் மேலும் கடல்நீர் உள்ளே வருகிறது. ஆற்றின் ஓட்டமே கடலை உள்ளே வரவழைக்கிறது என்பதுதான் இதில் வியப்பு. அந்த அடியோட்டத்தோடு சத்துகளும் மீன், இறால் குஞ்சுகளும் வந்து சேர்கின்றன. ஆற்றில் ஒன்றையொன்று விலக்கியபடி மிதந்து வந்த களிமண் துகள்கள் உப்பு பட்டதும் ஒட்டித் திரண்டு கீழே படிகின்றன. அந்தச் சேற்றில்தான் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு நிற்கிறது. அங்கே உதிர்ந்து மட்கும் இலைகளிலிருந்து நண்டுக்கும் மடவைக்கும் இரை கிடைக்கிறது. வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். அதன் குஞ்சுகள் உவர்நீருக்குள் வந்து, வேர்களின் மறைவில் சில மாதம் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. கழிமுகத்தில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் குடும்பமும், கடலில் இழுவலை போடும் விசைப்படகும் நம்பியிருப்பது இதே நாற்றங்காலைத்தான்.

ஆற்றுநீரை முழுக்க நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு நைல் நதி சாட்சி. ஆண்டுதோறும் வந்த நைல் வெள்ளம் மத்தியதரைக் கடலில் நுண்ணுயிர்த் தாவரங்களைப் பெருக்கும். அதைத் தேடி மத்தி மீன் கூட்டங்கள் டெல்டா ஓரம் வரும். 1962இல் எகிப்தியர் பிடித்த மத்தி சுமார் 18,000 டன். அஸ்வான் உயர் அணை 1960களின் நடுவில் வெள்ளத்தைத் தடுத்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் மத்திப் பிடிப்பு ஆயிரம் டன்னுக்கும் கீழே விழுந்தது. வண்டல் வராததால் ரஷீது முகத்துவாரக் கரையைக் கடல் தின்றது. பிற்காலத்தில், 1980களில், அங்கே மீன்பிடிப்பு மீண்டும் உயர்ந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. உயர்ந்தது உண்மை. ஆனால் வெள்ளம் தந்த சத்துக்குப் பதிலாக வயல்களின் ரசாயன உரமும் நகரங்களின் சாக்கடையும் கடலுக்குப் போனதையே ஆய்வாளர்கள் அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்கிறார்கள். சாக்கடையால் கரையை நிரப்ப வண்டல் தர முடியாது. அது மிகுந்தால் நீரில் உயிர்வளி குறைந்து மீன் செத்து மிதக்கும். அதை ஒரு மாற்று என்று என்னால் ஏற்க முடியவில்லை.

காவிரிக்கு வருவோம். நடுவர் மன்றம் 2007இல் அளித்த இறுதித் தீர்ப்பில் மொத்த நீர் 740 டிஎம்சி. அதில் சுற்றுச்சூழலுக்கு 10, தவிர்க்க முடியாமல் கடலுக்குச் செல்வது 4. உச்ச நீதிமன்றம் 2018இல் மாநிலங்களின் பங்கை மாற்றியபோதும் இந்த இரண்டு எண்களும் அப்படியே நின்றன. இரண்டையும் கூட்டினாலும் நூற்றுக்கு இரண்டு பங்கு தேறவில்லை. ஓர் ஆற்றின் முடிவிடத்துக்கு ஒதுக்கியது இவ்வளவே. தாள் கணக்கு கிடக்கட்டும், வெள்ள ஆண்டுகளில் நூறு டிஎம்சிக்கு மேல் போகிறதே என்பார்கள். போகிறது, அதற்கும் வேலை இருக்கிறது. நம் கரையில் ஓதத்தின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. கரையோர நீரோட்டம் கொண்டுவரும் மணல் கோடையில் முகத்துவாரங்களை மேடிட்டு அடைக்கிறது. அதை உடைத்துத் திறக்கும் வலு வெள்ளத்துக்கு உண்டு. ஆனால் சில வாரங்களில் பாய்ந்து தீரும் வெள்ளம் கழிமுகத்தைக் கழுவிவிட்டுப் போய்விடும்; இறால் குஞ்சு வளரத் தேவையான இதமான உவர்ப்பைப் பல மாதங்களுக்கு அதனால் காக்க முடியாது. பிச்சாவரத்தில் கடும் உப்பையும் தாங்கும் வெண்கண்டல் மேலோங்கி, நன்னீரை நாடும் இனங்கள் அருகிப்போனதற்கு நன்னீர் வரத்துக் குறைவும் ஒரு காரணம்.

கடல்நீர் ஏறுவதுதான் சிக்கலென்றால் முகத்துவாரத்தின் அருகே தடுப்பணை கட்டிவிடலாமே என்பது அடுத்த வாதம். கொள்ளிடம், சீர்காழிப் பக்கம் நிலத்தடி நீர் உவர்த்துப்போன விவசாயிகள் இதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மணலை அள்ளி ஆற்றுப் படுகையைப் பள்ளமாக்கியதால் கடல் இன்னும் உள்ளே வர வழி கிடைத்தது. ஆனால் கேரளத்தில் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். குட்டநாட்டு நெல்லைக் காக்க வேம்பநாட்டுக் காயலின் குறுக்கே தண்ணீர்முக்கம் தடுப்பணை 1970களில் வந்தது. உப்பு நின்றது, நெல்லும் விளைந்தது. மதகுகள் மூடியிருந்த மாதங்களில் தெற்கே நீர் தேங்கியது, ஆகாயத்தாமரை படர்ந்தது, உரமும் பூச்சிமருந்தும் வெளியேற வழியின்றிக் கிடந்தன. ஆற்றில் வளர்ந்து, குஞ்சு பொரிக்க உவர்நீருக்கு இறங்கும் ஆற்றுக் கொஞ்சு வழி அடைபட்டுக் குறைந்தது. அணை உப்பைத் தடுக்கும்போது கலப்பையும் தடுத்துவிடுகிறது. நன்னீரின் தொடர்ந்த ஓட்டம் உப்பைப் பின்னுக்குத் தள்ளும். மீனுக்கு வழியையும் விட்டுவைக்கும்.

குறுவைக்கு நீர் இல்லாத ஆண்டில் கடலுக்குத் திறந்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை; பற்றாக்குறையை வயலும் கழிமுகமும் பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் பகிர்வதற்கு முதலில் கழிமுகம் ஒரு பங்குதாரராக இருக்க வேண்டும். பில்லிகுண்டுலுவில் ஒவ்வொரு கனஅடியையும் அளக்கிறோம். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரின ஆய்வு மையம் வெள்ளாற்றின் உப்பளவைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. கொள்ளிட முகத்துவாரத்திலும் மாதந்தோறும் அதை அளந்து, உப்பு எந்த அளவைத் தாண்டினால் கீழணையில் எவ்வளவு நீர் விட வேண்டும் என்பதை நீர்ப் பங்கீட்டு விதிகளிலேயே எழுதலாம். வெள்ள ஆண்டில் அணைகளில் தேக்கியதில் ஒரு சிறு பகுதியைத் தை முதல் பங்குனி வரை மெல்ல விட்டாலே அந்த விதியைப் பெருமளவு நிறைவேற்றிவிட முடியும் என்பது என் கணிப்பு.