அடுத்த ஆண்டுக்கு மூன்று ஆட்டங்கள் போதும்

ஆண்டு முடியப்போகிறது. பழைய வீடியோ கேம்களில் பற்றுள்ள நண்பர்கள், வழக்கம்போல் அடுத்த ஆண்டுக்கான இலக்குகளைப் பட்டியலிடத் தொடங்கிவிட்டார்கள். ஐம்பது ஆட்டங்களை முடிப்பேன் என்கிறார் ஒருவர். வாங்கி வைத்து ஆடாமல் கிடப்பவற்றில் பாதியையாவது தீர்ப்பேன் என்கிறார் இன்னொருவர். ஒரு கன்சோலுக்கென வெளிவந்த அனைத்தையும் அகரவரிசையில் ஆடிப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார் மூன்றாமவர். இவர்களுள் பெரும்பாலோர் ஆய்வு மாணவர்கள் அல்லது கல்லூரி ஆசிரியர்கள். அதனால்தான் இதை எழுதவேண்டும் எனத் தோன்றியது. இலக்கு வைத்துக்கொள்வது நல்லது என்பதே என் கருத்தும். ஆனால் அந்த இலக்கை எண்ணிக்கையில் வைப்பது, நம்மைப் போன்றவர்களுக்குக் கேடு.

முதலில் எதிர்த்தரப்பைக் கேட்போம். விளையாட்டுக்கு எதற்கு இலக்கு, களைப்பு நீங்க ஆடுவதிலும் திட்டமா என்று பலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் முன்பு நம் வீடுகளில் இலக்கின் வேலையைப் பற்றாக்குறையே செய்துகொண்டிருந்தது. வீட்டில் ஒரு டி.வி. கேம், இரண்டோ மூன்றோ கேசட். வேறு வழியின்றி அவற்றையே திரும்பத் திரும்ப ஆடினோம். அதனால் எந்தக் குழாய்க்குள் வழி உண்டு, எந்தச் சுவருக்குப் பின்னால் எதிரி நிற்பான் என்பதெல்லாம் மனப்பாடமாயிற்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியில், நகத்தளவு மெமரி கார்டில் பல்லாயிரம் ஆட்டங்கள் வந்துவிடுகின்றன. ஒன்றைத் திறந்து பத்து நிமிடம் ஆடிவிட்டு அடுத்ததற்குத் தாவுகிறோம். ஒரு மாலை முழுதும் ஆடியபின் எதை ஆடினோம் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. வெளியிலிருந்து வந்த எல்லை போய்விட்டதால், எல்லையை நாமே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இது விளையாட்டின் இயல்புக்கு மாறானதும் அன்று. தேவையில்லாத தடைகளை நாமாக விரும்பி ஏற்று, அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என்று மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ் 1978-இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். பந்தைக் குழிக்குள் சேர்ப்பதுதான் நோக்கம் என்றால் கையால் எடுத்துப் போட்டுவிடலாம். நீண்ட கோலால் தொலைவிலிருந்து அடிப்பேன் என்று ஒப்புக்கொள்ளும்போதுதான் அது கோல்ஃப் ஆகிறது. ஓராண்டுக்கு இவ்வளவுதான் ஆடுவேன் என்று வரம்பு கட்டிக்கொள்வதும் அத்தகைய ஒப்புதலே.

அப்படியானால் ஐம்பது என்ற எண்ணை ஏன் மறுக்கவேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதற்காரணம், அந்த எண் எதையும் அளப்பதில்லை. 1985-இல் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸை எடுத்துக்கொள்வோம். எட்டு உலகங்கள், உலகத்துக்கு நான்கு கட்டங்கள், ஆக 32 கட்டங்கள். ஆனால் குறுக்குவழிக் குழாய்களை அறிந்தவர் முதல் உலகத்திலிருந்து நான்காவதற்கும், அங்கிருந்து எட்டாவதற்கும் தாவிவிடலாம். கைதேர்ந்தவர்கள் ஐந்து நிமிடத்துக்குள் இளவரசியை மீட்டுவிடுகிறார்கள். 32 கட்டங்களையும் மாதக்கணக்கில் ஆடியவரும் ஆட்டத்தை முடித்தவர்; எட்டே கட்டங்களை ஆடியவரும் முடித்தவர். பட்டியலில் இருவருக்கும் ஒரே குறிதான் விழுகிறது. நாம் வளர்ந்த காலத்துக் கேசட்டுகள் இப்பாடத்தை அன்றே கற்பித்தன. மேலட்டையில் 9999 ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். செருகிப் பார்த்தால், விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஆட்டங்களே வெவ்வேறு பெயர்களிலும் வெவ்வேறு தொடக்கக் கட்டங்களிலும் வரிசையாக நிற்கும். எண்ணைப் பார்த்து வாங்கினோம், ஆடியது நான்கைந்தைத்தான்.

இரண்டாம் காரணம் நம் தொழிலைப் பற்றியது. செழுமையான மதிப்பீடுகளுடன் ஒரு செயலில் இறங்கும் மனிதரை, அச்செயலை அளக்க வைத்த எளிய எண் மெல்லத் தன்வயப்படுத்திவிடுகிறது என்கிறார் விளையாட்டைப் பற்றி விரிவாக எழுதியுள்ள மெய்யியலாளர் சி. தி நுயன். ஆட்டத்தில் புள்ளிகளுக்காக உயிரை விடுவதில் தவறில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் புள்ளிகளை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவிடலாம். வாழ்க்கையில் வைக்கப்படும் புள்ளிகளை அவ்வாறு விட்டுவிட்டு எழ முடியாது. 2010-இல் யு.ஜி.சி. கொண்டுவந்த கல்விசார் செயல்திறன் குறியீட்டை நினைத்துப் பாருங்கள். கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று மதிப்பெண் வந்ததும், எழுதும் காரணமே பலருக்கு மாறிப்போயிற்று. பகலெல்லாம் கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் நாம், இரவில் ஆடும் ஆட்டத்தையும் அதே கணக்கேட்டில் ஏற்றினால், எண்ணப்படாத நேரம் என்று நமக்கு எதுவும் மிஞ்சாது. ஓர் ஆய்வு மாணவருக்கு வாரத்தில் ஒருமணி நேரம் சொந்தமாகக் கிடைப்பதே அரிது. அந்த ஒருமணி நேரத்தில், ஒரு பொருளோடு பொறுமையாகத் தங்கியிருக்கும் பழக்கத்தையாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டும். ஆய்வுக்கு அடிப்படையான அந்தப் பழக்கத்தைத்தான் நம் சூழல் விரைவாக அரித்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே என் திட்டம் இது: அடுத்த ஆண்டின் 52 வாரங்களுக்கு மூன்றே ஆட்டங்கள். சூப்பர் மாரியோ பிரதர்ஸுக்கு 32 கட்டங்கள், பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு 12, கான்ட்ராவின் வீட்டுக் கன்சோல் வடிவத்துக்கு 8. கூட்டினால் 52. வாரத்துக்கு ஒரு கட்டம், ஞாயிறு மாலை ஒருமணி நேரம். அந்தக் கட்டத்தைக் கடந்துவிட்டாலும் அடுத்ததற்குப் போவதில்லை. மீதி நேரத்தில் அதையே மீண்டும் ஆடுவேன். இந்த மூன்றையும் தேர்ந்ததற்குக் காரணங்கள் உண்டு.

மாரியோவைத் தேர்ந்தது, நெருங்கி வாசிக்கத் தக்க ஒரு பிரதியாக அது இருப்பதால். ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்த இந்த ஆட்டத்தின் மொத்த அளவு 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைவிட ஐம்பது மடங்கு இடத்தை எளிதாக அடைத்துக்கொள்ளும். இடம் இல்லாததால் வானத்து மேகத்துக்கும் தரையிலுள்ள புதருக்கும் ஒரே வடிவத்தை வைத்து, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். முதல் திரையைப் பாருங்கள். மாரியோ இடப்பக்கம் நிற்கிறான், வலப்பக்கம் வெற்றிடம். எந்தப் பக்கம் போகவேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. ஆனால் எல்லாரும் வலப்பக்கமே போகிறோம். சற்றுத் தொலைவில் மின்னும் கேள்விக்குறிக் கட்டி, எதிரே நடந்துவரும் ஓர் எதிரி. கட்டியை முட்டினால் காளான் வெளிப்பட்டு வலப்பக்கம் நகர்கிறது, குழாயில் மோதித் திரும்பி நம்மை நோக்கியே வருகிறது. எதிரி என்று அஞ்சி விலக நினைப்பவரும் அதில் மோதிப் பெரியவராகிவிடுகிறார். ஒரு சொல்லும் இன்றி ஆட்டத்தின் இலக்கணம் அரை நிமிடத்தில் கற்பிக்கப்பட்டுவிட்டது. எஞ்சிய 31 கட்டங்களிலும் இந்த இலக்கணம் எங்கே விரிகிறது, எங்கே மீறப்படுகிறது என்று பார்ப்பதே என் வேலை. குறுக்குவழிக் குழாய்களைத் தொடுவதில்லை.

பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவைத் தேர்ந்தது, அதற்கு மூல ஆவணங்கள் கிடைப்பதால். ஆப்பிள் 2 கணினிக்காக 1989-இல் இதை வெளியிட்ட ஜோர்டன் மெக்னர், தம்பியை ஓடவும் தாவவும் சொல்லிப் படம்பிடித்து, அதைச் சட்டம் சட்டமாகப் பார்த்து வரைந்து இளவரசனின் அசைவுகளை உருவாக்கினார். அந்த ஆண்டுகளில் அவர் எழுதிய நாட்குறிப்புகள் நூலாக வந்துள்ளன. தொலைந்துபோனதாகக் கருதப்பட்ட மூல நிரல், பழைய வட்டுகளிலிருந்து மீட்கப்பட்டு 2012-இல் பொதுவில் வைக்கப்பட்டது. ஆட்டம், நாட்குறிப்பு, நிரல் மூன்றையும் அருகருகே வைத்துப் படிக்கும் வாய்ப்பு வேறு எந்தப் பழைய ஆட்டத்துக்கும் எளிதில் அமையாது. ஒரு சான்று சொல்கிறேன். புதிய எதிரி ஒருவனை வரைய நினைவகத்தில் இடம் இல்லை. எனவே இளவரசனின் படங்களையே கணக்கால் திரித்து ஒரு நிழல் மனிதனை உண்டாக்கினார். இறுதிக் கட்டத்தில் அந்த நிழலை வாளால் வெட்டினால் காயம் நமக்கே விழுகிறது. வாளை உறையில் இட்டு அவனோடு ஒன்றாகும்போதுதான் வழி திறக்கிறது. இட நெருக்கடியிலிருந்து பிறந்த இந்த முடிவை நான் ஆண்டின் 44-ஆம் வாரத்தில் அடைவேன். ஆனால் ஆட்டத்துக்குள்ளே 60 நிமிடக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. இறந்து மீண்டாலும் அது நிற்பதில்லை. வாரம் ஒரு கட்டம் என்ற என் நிதானத்துக்கும் அந்தக் கடிகாரத்தின் அவசரத்துக்கும் ஒத்துவராது. எனவே 44-ஆம் வாரத்தில் முதலிலிருந்து ஒருமுறை முழுவதுமாக ஆடுவேன்.

கான்ட்ராவைத் தேர்ந்தது, அது துணையோடு ஆடும் ஆட்டம் என்பதால். அருவிக் கட்டத்தில் இருவரும் மேலே ஏறவேண்டும். ஒருவர் அவசரப்பட்டு முன்னால் ஏறினால் திரை அவரோடு நகரும், கீழே நிற்பவர் இறந்துபோவார். தோழனுக்காக நிற்கத் தெரியாதவரோடு இக்கட்டத்தைக் கடக்கவே முடியாது. விடுதியில் அடுத்த அறைக்காரரோடு பேசாமலே பருவங்களைக் கழிக்கும் நமக்கு, எட்டு வாரங்கள் ஒருவரை அழைத்து அருகில் அமரவைப்பதே ஓர் இலக்குதான்.

முறையியலைப் பற்றியும் ஒரு சொல். எமுலேட்டரில் எந்த நொடியிலும் ஆட்டத்தைச் சேமித்துப் பின்னோக்கிப் போகலாம். அது ஏமாற்று என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் இல்லை. 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தின் வீட்டு வடிவத்தைச் சோதிக்கும்போது, அது தமக்கே கடினமாக இருந்ததால் கசுஹிசா ஹஷிமோட்டோ ஓர் இரகசியப் பொத்தான் வரிசையைப் புகுத்தினார். மேல், மேல், கீழ், கீழ், இடம், வலம், இடம், வலம் என்று செல்லும் அதே வரிசைதான் பின்னர் கான்ட்ராவில் முப்பது உயிர்களைத் தந்தது. ஆக்கியவரே உதவி தேடிய இடத்தில் நாம் தூய்மை பேச வேண்டியதில்லை. செய்ததை எழுதிவைத்தால் போதும். எந்தப் பதிப்பு, எந்தக் கருவி, எத்தனை முறை சேமித்தேன், எதைக் கண்டேன் என்று வாரம் அரைப்பக்கம் குறிப்பு. ஆண்டு முடிவில் 52 அரைப்பக்கங்கள் சேரும்.

அந்தக் குறிப்பேட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான பழைய ஆட்டங்களுள் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் கண்டறிந்தது. நம் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைக்கிறது. ஆனால் இலக்கியத்தைப் பேணுவதுபோல் இதைப் பேணும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. விற்பனையில் இருப்பவற்றை விலைகொடுத்து வாங்குவோம். கான்ட்ரா போன்றவை தொகுப்பாகவே கிடைக்கின்றன. நிரல் தப்பினாலும் அனுபவம் தப்புவதில்லை என்பதையும் மறக்கவேண்டாம். டக் ஹன்ட் ஆட்டத்தின் துப்பாக்கி, பழைய குழாய் டி.வி.யின் ஒளியை உணர்ந்து வேலைசெய்தது. இன்றைய தட்டைத் திரையின் முன் அது வெறும் பொம்மை. அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் இத்தகையவற்றுக்கெனத் தனி மையமே வைத்திருக்கிறது. இந்தியாவில் நாம் ஆடியதோ பெரும்பாலும் ஜப்பானியக் கன்சோலின் நகல்களை. தில்லியின் பாலிகா பஜாரிலும் சென்னையின் பர்மா பஜாரிலும் அவற்றை விற்றவர்கள், தெருமுனைக் கடையில் மணிக்கணக்குக்கு வாடகை வாங்கி ஆடவிட்டவர்கள், பழுதுபார்த்தவர்கள் ஆகியோரின் நினைவில்தான் அந்த வரலாற்றின் பெரும்பகுதி இருக்கிறது. எனவே நான்காவதாக ஓர் இலக்கு: அடுத்த ஆண்டுக்குள் அவர்களுள் ஒருவரையேனும் சந்தித்து, அவர் அனுமதியோடு ஒருமணி நேரம் பேசிப் பதிவுசெய்வது. வரலாறும் சமூகவியலும் பயிலும் நண்பர்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை.

என் மூன்று ஆட்டங்களையே நீங்களும் ஆடவேண்டும் என்பதில்லை. பள்ளிக் கணினி அறையில் டேஞ்சரஸ் டேவ் ஆடியவர், அதன் பத்துக் கட்டங்களுக்குப் பத்து வாரங்களை ஒதுக்கலாம். ஒரே ஆட்டத்தோடு ஓராண்டைக் கழிப்பவரும் இருக்கலாம். ஐம்பதை முடிக்க நினைத்திருக்கும் நண்பர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பட்டியலில் முதலாவதாக உள்ளதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதை ஆடியறியாத ஒருவருக்கு அரைமணி நேரம் விளக்கிச் சொல்லும் அளவுக்குத் தெரிந்துகொள்ளுங்கள். அதன்பின் இரண்டாவதற்குப் போவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்யுங்கள். சனவரி முதல் ஞாயிற்றுக்கிழமை நான் மாரியோவின் முதற்கட்டத்தைத் தொடங்குகிறேன். நவம்பரில் கான்ட்ராவுக்கு வந்துசேரும்போது எனக்கு ஒரு துணை தேவைப்படும். அருவியில் காத்திருக்கத் தெரிந்தவர்கள் இப்போதே சொல்லிவையுங்கள்.