குதிரைக்குப் பாண் வேண்டாம்

ஏப்ரல் சீசனுக்கு டிக்கோயாவிலிருந்து வேன் பிடித்து நுவரெலியா போகிறோம். கிரகரி வாவிக்கரையில் பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றிவிட்டு, அன்பாகப் பாணும் பணிசும் நீட்டுகிறோம். ஆதியாத் சூராவே ஓடும் குதிரைகள் மீது சத்தியமிட்டுத்தான் தொடங்குகிறது. அதை ஓதிக் கொடுக்கும் நாம் இப்படிச் செய்யலாமா?

குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. ஒருவர் கொடுத்தால் சமாளிக்கும். வருகிறவர் எல்லாரும் கொடுத்தால் வயிறு ஊதி, உயிரே போகலாம். முன்காலால் தரையைக் கிளறி, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால் வயிற்றுவலிதான். மிருக வைத்தியரைக் கூப்பிடச் சொல்ல வேண்டும். வாயில் கசாயம் ஊற்றக்கூடாது. சொப்பிங் பேக்கையும் அங்கே வீசக்கூடாது, தின்றுவிடும்.

நொண்டுகிற, சேணம் உரசிப் புண்ணான குதிரையில் பிள்ளையை ஏற்ற வேண்டாம். நாம் காசு நீட்டும்வரை அதற்கு ஓய்வில்லை. குதிரைக்காரரைத் திட்டுவதும் சரியில்லை, அவருக்குச் சீசன்தான் பிழைப்பு. கொடுக்க ஆசையென்றால் அவரிடம் கேட்டு ஒரு பிடி புல் கொடுப்போம்.