வீடு இருக்கிறது, வருமானம் இல்லை

ஓய்வுபெற்றவர்கள் சேமிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செலவழித்து வாழ்வார்கள் என்கிறது பொருளாதாரப் பாடம். இந்தியக் குடும்பங்களில் அதற்கு வழியே இல்லை. ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழுவின் 2017 அறிக்கையின்படி, சராசரிக் குடும்பச் சொத்தில் 77 விழுக்காடு வீடும் நிலமும். 11 விழுக்காடு தங்கம். வங்கி வைப்பு, காப்பீடு, ஓய்வுக்கால நிதி எல்லாம் சேர்ந்து வெறும் 5 விழுக்காடு. செங்கல்லை ஒவ்வொன்றாக விற்று மருந்து வாங்க முடியாது. மனை விலை ஏற ஏற ‘வசதியானவர்’ என்ற பெயர் மட்டும் வளர்கிறது. கைச்செலவு வட்டியை நம்பி ஓடுகிறது. அதுவும் நிலையானதல்ல: மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் புதிதாகப் பணம் போடுவோருக்கான வட்டி 2020 ஏப்ரலில் 8.6 விழுக்காட்டிலிருந்து 7.4 ஆக ஒரேயடியாக இறங்கியது. பிறகு ஏறியது உண்மை; இடைப்பட்ட காலத்தில் ஓய்வுபெற்றவர் என்ன பாவம் செய்தார்?

வீட்டை வைத்தே மாத வருமானம் பெறலாமே என்பார்கள். அதற்கான ‘ரிவர்ஸ் மார்ட்கேஜ்’ திட்டம் 2007 நிதிநிலை அறிக்கையிலேயே அறிவிக்கப்பட்டது. நாடுவோர் மிகச் சிலரே. வாரிசுப் பாசம் மட்டும் காரணமல்ல. எத்தனை ஆண்டு வாழ்வோம், ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவு வரும் என்று தெரியாதவருக்கு வீடுதான் கடைசிப் பிடி. பிள்ளைகள் கவனிப்பார்கள் என்பதற்கும் அதுவே பிணை. பத்திரம் எழுதிக் கொடுத்தபின் கைவிடப்பட்டால் அதை ரத்துசெய்ய 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு தேவைப்பட்டிருக்கிறது என்றால், இந்த அச்சம் வீண் அச்சமல்ல. மாதச் செலவுக்கு உறுதி கிடைத்தால்தான் முதியவர் வீட்டின் மீதுள்ள பிடியைத் தளர்த்துவார்.

அந்த உறுதியைத்தான் அரசு தரவில்லை. தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. பத்தாண்டு கடந்தும் நகரவில்லை. அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரையிலான ஏழை முதியவருக்கு மத்திய அரசு தரும் பங்கு மாதம் 200 ரூபாய். அரசு ஓய்வூதியருக்கு விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி திருத்தப்படுகிறது. ஆலைத் தொழிலாளி வாங்கும் அரிசிக்குத் தனி விலையா? கஜானா தாங்காது என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது, நிதிச்சுமை உண்மையானதே. ஆனால் தொகையை உயர்த்தாமல் விடுவதால் செலவு மறைவதில்லை. அது மகளின் சம்பளத்துக்கும் அடகுக்கடைக்கும் இடம் மாறுகிறது. ஒரே மூச்சில் முடியாதென்றால் படிப்படியாக உயர்த்தட்டும். ஆனால் இந்த இரு தொகைகளையும் விலைவாசிக் குறியீட்டுடன் இணைக்கும் முடிவை அடுத்த நிதிநிலை அறிக்கையிலேயே மத்திய அரசு அறிவிக்க வேண்டும்.